முதல்ல வாசியுங்கோ, பிறகு பிடியுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் ஒரு பின்னேரம் எங்கட ஊர்ப் பெடியள் நாலைஞ்சு பேர் வீட்டுக்கு வந்து ஒரு போனை நீட்டினவை. எங்கட கோயில் திருவிழா வீடியோவை ஆரோ ஒருத்தன் எடுத்து, காவடி எடுத்த ஆளையும் சாமியையும் சேத்து நக்கலடிச்சு, பின்னால ஒரு கேடுகெட்ட பாட்டும் போட்டு டிக்டொக்கில விட்டிருக்கிறான். பாத்த உடன எனக்கும் நெஞ்சு எரிஞ்சது, அதை நான் ஒளிக்கேல்ல, அந்தக் கோயில் வீதியில உருண்டு பிரண்டு வளந்த ஆள் நான், அம்பது வருசமா அந்தத் தேர் வடம் பிடிச்ச கை இது. பெடியள் கேட்டது என்னெண்டா, "சேர், நீங்கள் வடிவா எழுதுவியள், பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ, ஐசிசிபிஆர் சட்டத்தில போட்டா பிணையே இல்லையாம், ஆள் உள்ளுக்க கிடக்கட்டும்."

நான் எழுதிக் குடுக்கேல்ல. ஏன் குடுக்கேல்ல எண்டதை அண்டைக்கு அவையளுக்கு முழுசாச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல, அதைத்தான் இப்ப உங்கட பத்திரிகைக்கு எழுதுறன்.

பெடியள் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். 2007ல வந்த 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின்ர, அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கைக்காக இலங்கையில கொண்டுவந்த சட்டத்தின்ர, மூண்டாம் பிரிவில ஆளைப் பிடிச்சா நீதவான் பிணை குடுக்கேலாது, மேல்நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும், குற்றம் நிரூபிச்சா பத்து வருசம் வரைக்கும் மறியல். அந்தப் பிரிவில எழுதியிருக்கிறது இன, மத வெறுப்பைத் தூண்டி அதால பாகுபாடு, பகைமை, வன்முறை வரப்பண்ணுறதைப் பற்றி. மனம் நொந்திட்டுது எண்டது அதில இல்லை. ஆனா எங்கட நாட்டில அந்தச் சட்டம் போய் விழுந்த இடங்களைப் பாத்தா மனம் நொந்த ஆக்கள் கொண்டுபோய்க் குடுத்த முறைப்பாட்டிலதான் கனக்க விழுந்திருக்கு.

2019 ஏப்ரல் முதலாந் திகதி சக்திக சத்குமார எண்ட சிங்கள எழுத்தாளரைப் பிடிச்சினம். செய்த குற்றம் பேஸ்புக்கில ஒரு சிறுகதை போட்டது, அதில பிக்குமார் வாழ்க்கையைப் பற்றி ஆக்களுக்குப் பிடிக்காத விசயம் இருந்தது. நாலு மாசம் உள்ளுக்க. 2021ல வழக்கில இருந்து விடுவிச்சாச்சு, ஆனா அந்த நாலு மாசத்தை அந்தாளுக்கு ஆர் திருப்பிக் குடுக்கிறது? அடுத்த வருசம் கட்டுகஸ்தோட்டை ரம்சி ராசிக், அரசாங்க உத்தியோகம் பாத்து ஓய்வு பெற்ற மனுசன், முஸ்லிம் ஆக்களுக்கு எதிரான வெறுப்புப் பிரச்சாரத்துக்குப் பேனையாலயும் கீபோர்டாலயும் சிந்தனை ரீதியா ஜிஹாத் செய்யவேணும் எண்டு சிங்களத்தில எழுதினவர். பேனை எண்டு அவரே எழுதியிருக்கிறார், கீபோர்ட் எண்டும் எழுதியிருக்கிறார், ஆனா பாத்த ஆக்களின்ர கண்ணுக்குத் தெரிஞ்சது ஜிஹாத் எண்ட ஒரு சொல்லுத்தான். அஞ்சு மாசத்துக்கு மேல மறியல், வருத்தக்கார மனுசன், அதுவும் கொரோனா காலத்தில. 2023 நவம்பரில உயர்நீதிமன்றம் அவற்ற அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கு எண்டு தீர்ப்புச் சொன்னது.

இப்ப எனக்கு ஆகலும் நோகிற கதைக்கு வாறன். மன்னார் சிலாவத்துறைப் பக்கத்துப் பெடியன் அஹ்னாப் ஜசீம், புத்தளத்தில தமிழ் படிப்பிச்ச இளம் வாத்தியார், 2017ல நவரசம் எண்டு ஒரு கவிதைப் புத்தகம் போட்டவர். 2020 மே 16 பயங்கரவாதத் தடைச்சட்டத்தில பிடிச்சினம். அந்தப் புத்தகம் தீவிரவாதத்தைப் பரப்புதாம். தமிழ் தெரிஞ்ச எழுத்தாளர்மார், படிச்ச ஆக்கள் அதை வாசிச்சுப்போட்டு இது வன்முறைக்கும் தீவிரவாதத்துக்கும் எதிரான கவிதையள் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவை, கேக்கிறதுக்கு ஆள் இல்லை. பத்தொன்பது மாசம் கழிச்சு 2021 டிசம்பரில பிணை, 2023 டிசம்பர் 12 புத்தளம் மேல்நீதிமன்றம் குற்றமற்றவர் எண்டு விடுதலை செய்தது.

நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட தமிழ் இலக்கியம் படிப்பிச்சனான் ஐயா. நவரசம் எண்ட தலைப்பைக் கேட்ட உடன எந்தத் தமிழ் வாத்தியாருக்கும் விளங்கும், தொல்காப்பியத்தில எட்டு மெய்ப்பாடு, நகை அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை, அதோட சாந்தத்தையும் சேத்தா ஒன்பது. அப்பிடித் தலைப்பு வைச்ச புத்தகத்தில கோவமும் வரத்தான் செய்யும், வெகுளி எண்டு ஒரு சுவையே இருக்கேக்க கோவம் இல்லாம எப்பிடி எழுதுறது? ஒரு கவிதையில "எரிப்போம்" எண்டு வந்தா எதை எரிக்கச் சொல்லுறான் எண்டு அடுத்த வரியைப் பாக்கவேணும், எங்கட ஓஎல் பிள்ளையளுக்கு முதல் படிப்பிக்கிற பாடமே அதுதான். தமிழ் வாசிக்கத் தெரியாத ஆள் ஒருத்தர் மொழிபெயர்ப்பில துண்டு துண்டாப் பாத்து இது ஆபத்து எண்டு முடிவெடுத்தா, எங்கட பழைய பாட்டிலயே எத்தினை பேரைப் பிடிக்கவேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சாமியைப் பைத்தியக்காரன் எண்டு கூப்பிட்டுப் பாடத் தொடங்கின நாயனாரை நாங்கள் கோயிலில வைச்சுக் கும்பிடுறம். திட்டுற மாதிரிப் போற்றிப் பாடுறதுக்கு நிந்தாஸ்துதி எண்டு ஒரு வகையே இருக்கு. கல்லைச் சுத்தி வந்து என்ன கண்டனி எண்டு சித்தர்மார் கேட்டவை, அவையையும் நாங்கள் தள்ளி வைக்கேல்ல. வார்த்தைக்கு வார்த்தை சிங்களத்துக்கோ இங்கிலீசுக்கோ மாத்திக் கொண்டுபோய்க் குடுத்தா இதெல்லாம் மத நிந்தனைதான்.

எதை வேணுமெண்டாலும் எழுதலாம் எண்டு நான் சொல்ல வரேல்ல, அதையும் சொல்லவேணும். 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு முஸ்லிம் ஆளின்ர சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள மாக்கட்டி ஒண்டு கிடந்ததை மலட்டுக் குளிசை எண்டு கதை கட்டினவை. காசு வாங்கிற இடத்தில நிண்ட பெடியனுக்குச் சிங்களம் வடிவாத் தெரியாது, ஆக்கள் சுத்தி நிண்டு வெருட்ட ஓம் எண்ட மாதிரி ஏதோ சொல்லிப்போட்டான், அதை வீடியோ எடுத்து நாடு முழுக்க விட்டினம். பிறகு பரிசோதிச்சா அது வெறும் மா. ஆனா அதுக்கிடையில அங்க கடையும் பள்ளிவாசலும் உடைஞ்சிட்டுது, அடுத்த கிழமை கண்டி மாவட்டத்தில திகன, தெல்தெனியப் பக்கம் வீடும் கடையும் எரிஞ்சது, பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அரசாங்கம் ஒரு கிழமை பூட்டி வைச்சது. அந்த நேரம் சிங்களத்தில வந்த வெறுப்புப் பதிவுகளை வாசிச்சு நிப்பாட்ட பேஸ்புக்கிட்டப் போதுமான ஆக்கள் இல்லை, 2020ல கொம்பனியே மன்னிப்புக் கேட்டது. அங்கயும் பாருங்கோ, பிரச்சினை முழுக்க மொழி. பெடியனுக்கு விளங்கேல்ல, கொம்பனிக்கு வாசிக்க ஆள் இல்லை.

அடி, எரி, கொல்லு எண்டு சொல்லுறவனைப் பிடிக்கவேணும், உடன பிடிக்கவேணும். 2014 ஜூனில அளுத்கமையில பொதுபல சேனா பிக்கு ஞானசார தேரர் பேசின கூட்டத்துக்குப் பிறகு ஆக்கள் செத்ததை நாங்கள் ஒருத்தரும் மறக்கேல்ல. அவர் 2016ல முஸ்லிம் ஆக்களைப் பற்றிச் சொன்ன கதைக்கு நாலு வருசத் தீர்ப்பு வந்தது 2024 மார்ச்சில. சொன்ன கதைக்கும் தீர்ப்புக்கும் இடையில எட்டு வருசம் போயிருக்கு. பலமுள்ள ஆளுக்கு வழக்கு முடிஞ்சுதான் தண்டனை, கதை எழுதினவனுக்கும் கவிதை எழுதினவனுக்கும் வழக்குத் தொடங்க முதலே மறியல், குற்றமில்லை எண்டு பிறகு வருது. இந்த வித்தியாசத்தை என்னால சீரணிக்க ஏலாமல் கிடக்கு.

இதுக்கு மேல இன்ரநெற்றில போடுறதுகளைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு ஒண்டு. 2024 ஜனவரி 24 பாராளுமன்றத்தில 108க்கு 62 எண்டு நிறைவேத்தினவை, உயர்நீதிமன்றம் சொன்ன திருத்தம் எல்லாம் சேர்த்ததோ இல்லையோ எண்டு அப்பவே பெரிய பிரச்சினை. அந்தச் சட்டப்படி அஞ்சு பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு எது பொய்யான கூற்று எண்டு பாத்து அதை எடு எண்டு சொல்லலாம், பொய்யான கூற்றால மத உணர்வைப் புண்படுத்தினா அது குற்றம் எண்டும் கிடக்கு. எனக்கு இதில விளங்காதது, சமயத்தில பொய் எண்டா என்ன? எங்கட சாமி மலையை வில்லா வளைச்சது எனக்கு உண்மை, பக்கத்து வீட்டு வேதக்காரருக்கு அது கதை, அவருக்கு உண்மையானது எனக்கு அப்பிடி இல்லை, ரெண்டு பேரும் ஒரு மதிலுக்கு ரெண்டு பக்கமும் முப்பது வருசமா இருக்கிறம், கிறிஸ்மசுக்கு கேக் வரும், பொங்கலுக்கு இஞ்ச இருந்து போகும். இதுக்குள்ள அஞ்சு பேர் வந்து தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கு? அந்த அஞ்சு பேரில சைவமும் இஸ்லாமும் வேதமும் பௌத்தமும் தெரிஞ்சு தமிழ்க் கவிதையும் வாசிக்கிற ஆக்கள் எப்பவும் இருப்பினம் எண்டு சட்டத்தில எழுதிக் கிடக்கோ? திருத்தப்போறம் திருத்தப்போறம் எண்டு ஆட்சிக்கு வந்தவையும் சொல்லினம். திருத்திறதெண்டா மத உணர்வு எண்ட சொல்லை எடுத்துப்போட்டு வன்முறைக்குத் தூண்டுறது எண்டதோட நிப்பாட்டுங்கோ. ஐசிசிபிஆர் சட்டத்தில பிணையை நீதவானே குடுக்க விடுங்கோ. ஒரு எழுத்துக்காக ஆளைப் பிடிக்க முதல் அந்த எழுத்து எந்த மொழியில இருக்கோ அந்த மொழி படிச்ச ரெண்டு பேர் முழுசா வாசிச்சு எழுத்தில அபிப்பிராயம் தரவேணும் எண்டு விதி கொண்டுவாங்கோ. கேக்கிறது இவ்வளவுதான்.

எங்கட பக்கமும் சுத்தமில்லை எண்டு எனக்குத் தெரியும். 2019 மகா சிவராத்திரி நேரம் மன்னார் திருக்கேதீஸ்வரச் சிவன் கோயிலின்ர வளைவைப் பிடுங்கின பிரச்சினைக்குப் பிறகு சைவ ஆக்களும் வேதக்கார ஆக்களும் பேஸ்புக்கில ஒருத்தரை ஒருத்தர் எழுதினதை வாசிச்சு எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்ல. எல்லாரும் தமிழர், எல்லாரும் ஒரே சண்டையில இடம்பெயர்ந்து ஒரே முகாமில கிடந்த சனம். அதுக்கும் பொலிசுக்குப் போயிருந்தா இண்டைக்கும் கோட்டுக்குத்தான் நடந்துகொண்டிருப்பினம்.

பெடியளுக்கு நான் சொன்னது, அந்த வீடியோவுக்குக் கீழ போய் நீங்களே எழுதுங்கோ, காவடி ஏன் எடுக்கிறது, அந்த மனுசன் என்ன நேத்தி வைச்சவர் எண்டு சொல்லுங்கோ. ஒருத்தன் எழுதினவன், நல்லாவே எழுதினவன், தன்ர தமையன் ஆஸ்பத்திரியில கிடந்த கதையை. வீடியோ போட்டவன் அதை இன்னும் அழிக்கேல்ல. எனக்கு அது இப்பவும் கவலைதான், ஆனா இவன் எழுதினதையும் சனம் வாசிக்குது.

கடைசியா உங்களிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. இப்பிடி ஆரையும் பிடிச்சா உங்கட பத்திரிகையிலயும் மற்றப் பத்திரிகையளிலயும் "மத நிந்தனை: இளைஞர் கைது" எண்டு தலைப்புத்தான் வருது, அந்தாள் என்ன எழுதினவர் எண்டது வாறதில்லை. வாசிக்கிற சனம் ஏதோ பெரிய அநியாயம் செய்திருப்பான் எண்டு நினைச்சுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகுது, நானும் அப்பிடித்தான் அந்தக் கவிஞற்ற செய்தியை 2020ல வாசிச்சுப்போட்டுத் தாண்டிப் போனனான். கோட்டுத் தடை ஏதும் இல்லையெண்டா அடுத்த முறை இப்பிடி ஒரு செய்தி வரேக்க அவர் எழுதின வரியளை அப்பிடியே தமிழில, முழுசா, செய்திக்குக் கீழ போடுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர்,
வவுனியா