சான்றிதழோடு தையல் நின்றுவிடக் கூடாது: வாரம் ஒரு நாள் கூடித் தைக்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவசத் தையல் பயிற்சி அறிவிப்புக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ போனால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். தகுதி உள்ளவர்களுக்குச் சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் மெஷினும் கிடைக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அப்படி வந்த மெஷின்களில் பல இன்று துவைத்த துணியைக் குவித்து வைக்கும் மேசையாகத்தான் நிற்கின்றன.

எங்களுக்குத் தெரிந்து இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பயிற்சி பிளவுஸில் தொடங்குகிறது. தையலில் இருப்பதிலேயே கஷ்டமானது பிளவுஸ். டக், கைக்குழி, கழுத்துக்குக் கிராஸ் பைப்பிங் (இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரப் பட்டை) என்று வளைவுக்கு மேல் வளைவு. நேர்கோடே கைக்கு வராதவர் அளவுத் துணியைக் கெடுத்துவிட்டு, அந்தப் பயத்திலேயே மெஷினை மூடிவிடுகிறார். இன்னொன்று, பயிற்சி முடிந்த மறுநாள் நூல் அறுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து நாங்கள் சொல்லும் வழி இதுதான். தெருவுக்கு ஆறேழு பேர் வாரம் ஒருமுறை கூடித் தைக்க வேண்டும். தைக்கத் தொடங்குவது ஒட்டுத்துணிப் போர்வையாக இருக்கட்டும், கடையில் குயில்ட் என்று விற்கிறார்களே, அது. பழைய சேலையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரித்த வீடுகளுக்கு இது புதிதல்ல. முழுக்க முழுக்க நேர்த்தையல். துணி டெய்லர் கடைக் கழிவு. கெட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் அளவு, டென்ஷன் என்னும் நூல் இறுக்கம், இஸ்திரி, கனத்த துணி என்று மெஷின் கற்றுத்தர வேண்டிய அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

முதல் நாள் நூலே வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளில், மழுங்கிய பழைய ஊசியை மாட்டி, கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகட்டும். சக்கரத்தைக் கையால் நம் பக்கம் திருப்பிவிட்டுப் பிறகுதான் மிதி. பின்னோக்கிச் சுற்றினால் நூல் அறும். புதியவர் மெஷினில் மோட்டார் வைக்கக் கூடாது. கால் சொன்னதைக் கேட்கும் வேகம்தான் கைக்குக் கட்டுப்படும். "பைய மிதி" என்பதற்கு மேல் முதல் வாரத்தில் பாடம் கிடையாது.

முதல் வேலை அடுப்படிக்கு ஒரு பிடிதுணி. மூன்று இஞ்ச் சதுரத் துண்டு ஒன்பது, மும்மூன்றாக இணைத்தால் எட்டு இஞ்ச் சதுரம் வரும். உள்ளே ஈரிழைத் துண்டை நாலு மடிப்பு. இங்கே பாலியெஸ்டர் பேடிங் வைத்துவிடக் கூடாது. சூடான சட்டியைப் பிடித்தால் உருகும். மேல்துணி, உள்துணி, நூல் எல்லாமே பருத்தி.

அந்த எட்டு இஞ்ச் சரியாக வருகிறதா என்பதுதான் பரீட்சை. இணைப்புத் தையல் ஓரத்திலிருந்து கால் இஞ்ச், அதாவது நம் டெய்லர் கணக்கில் இரண்டு நூல் (இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). அரை நூல் தப்பினால் என்ன என்று தோன்றும். ஐந்து இஞ்ச் துண்டு ஒன்பதை வரிசையாகச் சேர்த்தால் எட்டுத் தையல், 41 இஞ்ச் வர வேண்டும். ஒவ்வொரு தையலும் அரை நூல் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போகும். எட்டுத் தையலில் எட்டு நூல், ஒரு முழு இஞ்ச். பக்கத்து வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, மெஷின் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலு அடுக்கு ஒட்டி வைத்தால் துணி அதன் மேல் உரசிக்கொண்டே நேராகப் போகும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது இழை. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கிழையும் குறுக்கிழையும், சதுரத்தின் ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும். வீரவநல்லூர் பக்கத்து நெசவு வீடுகளில் இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. டெய்லர் கடைத் துண்டுகளில் பாதி கைக்குழியும் கழுத்தும் வெட்டியது, கிராஸாக இருக்கும். இரு முனையையும் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அப்படி நீளும் பக்கம் ஓரமாக வந்தால் போர்வை அலைஅலையாக நிற்கும். பிளவுஸுக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியா பருத்தியையும் சிந்தெடிக்கையும் ஒரே போர்வையில் சேர்க்கக் கூடாது. ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது, இஸ்திரிச் சூடும் வேறு வேறு. கைத்தறி என்றால் முதலில் நனைத்துக் காயப்போட்டுவிட வேண்டும். கருஞ்சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஏறினால் அது போர்வைக்கு ஆகாது. உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்கும் என்பதை நம்பவும் வேண்டாம். துணிமேல் வைத்து அளவு வரையும் அச்சு அட்டைக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி வசதி வேறில்லை, கத்தரிக்கோல் பட்டாலும் ஓரம் தேயாது.

இஸ்திரி போடும்போது தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி இழுபடும். ஒரு வரிசையில் தையல் மடிப்பை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையில் இடப்பக்கம். இரண்டையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்கார்ந்துகொள்ளும், மூலைக்கு மூலை ஒரு நூலும் பிசகாது.

பிடிதுணி இரண்டு மூன்று தைத்தபின் பிள்ளைப் போர்வை: 36க்கு 45 இஞ்ச். ஐந்து இஞ்ச் சதுரம் எண்பது, அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து. புதுத் துணி வாங்குவதானால் 44 இஞ்ச் அகலத்தில் ஒன்றரை மீட்டர். அடித்துணி நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக, 40க்கு 49. ஒன்றே கால் மீட்டர் மட்டுமட்டு, கொஞ்சம் தாராளமாக வாங்குங்கள். ஓரப் பட்டைக்கு இரண்டரை இஞ்ச் அகலத்தில் ஐந்து பட்டை. நம் டெய்லர்கள் பைப்பிங் என்றாலே கிராஸாக வெட்டிவிடுவார்கள். நேர் ஓரத்துக்கு அது வீண். நேராகவே வெட்டலாம், பட்டைகளை இணைக்கும் இடத்தை மட்டும் சாய்வாகத் தைத்தால் ஒரே இடத்தில் கனம் சேராது.

நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பற்றாது. ஊசித் துளை வழியாகவே வெளியே வரும். தலையணைக்குத்தான் அது. அடித்த பருத்திப் பஞ்சு வைக்கலாம், ஆனால் இரண்டு இஞ்ச்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பாலியெஸ்டர் ஷீட்டுக்கு நாலு இஞ்ச் இடைவெளி போதும், ஆனால் வேர்க்கும். நம் வெயிலுக்கு எங்கள் முடிவு: பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு, அல்லது ஃபிளானல் துணி ஒரு மடிப்பு. மார்கழிக்கு அதுவே தாராளம்.

மேல்துணி, நடுவில் வைப்பது, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்ப்பது தனி ஆள் வேலையல்ல. கூட்டம் வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடித்துணியைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது, இழுத்தும் பிடிக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அடித்துணி சுருங்கிப் பின்பக்கம் மடிப்பு விழும். நாலு இஞ்ச்சுக்கு ஒரு ஊக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிள்ளைப் போர்வைக்கே நூறு ஊக்குக்கு மேல் ஆகும். ஊக்கு இல்லாவிட்டால் கையால் பெரிய ஓட்டுத் தையல்.

இனி மெஷின். இணைக்கும்போது 14ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்குக்கு 16. தையல் நீளம் இணைப்புக்கு இஞ்ச்சுக்குப் பன்னிரண்டு, போர்வைக்கு எட்டு அல்லது ஒன்பது. வீட்டுக் கருப்பு மெஷின் ஊசிக்குத் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். நூல் கோக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சப்பை வர வேண்டும். பவர் மெஷின் ஊசி உருண்டை. மாற்றி மாட்டினாலும், ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றாமல் திருகினாலும் தையல் விட்டுவிட்டு விழும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இதைப் பாருங்கள்.

டென்ஷனைப் பார்க்க மேலே சிவப்பு நூல், பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) வெள்ளை நூல் போட்டு, போர்வையில் வைக்கும் அதே மூன்று அடுக்கில் ஓட்டுங்கள். எந்த நூல் கம்பி மாதிரி நேராகக் கிடக்கிறதோ அதுதான் இறுக்கம். மேல்பக்கம் சிவப்பு நேராகக் கிடந்து வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்த வேண்டும். அடியில் வெள்ளை நேராகக் கிடந்து சிவப்பு வளையம் வளையமாக நின்றால் இறுக்க வேண்டும். பாபினை வைக்கும் பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள்: சும்மா தொங்கினால் இறங்கக் கூடாது, கையை ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும். விறுவிறுவென்று தரைக்கு ஓடினால் கேஸின் சின்னத் திருகை மயிரிழை திருப்புங்கள். கால் சுற்று திருப்பினால் அப்புறம் பழைய இடம் கிடைக்காது.

மேல்துணி முன்னால் தள்ளப்பட்டு மடிப்பு விழுகிறதா? அடியில் பல் துணியை இழுக்கிறது, மேலே துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட் பிடித்து நிறுத்துகிறது, அதுதான் காரணம். தலையில் இருக்கும் பிரஷர் திருகைத் தளர்த்தினால் பாதி சரியாகும். மீதிக்கு வாக்கிங் ஃபுட், மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் ஃபுட் அது. ஊசித் திருகின் மேல் அதன் கவைக் கை உட்கார வேண்டும், உட்காராவிட்டால் வேலை செய்யாது. ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை, குழுவுக்கு இரண்டு போதும். தையலை எப்போதும் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குக் கொண்டு போக வேண்டும். வலப்பக்கத்தைச் சுருட்டி மெஷின் கைக்குள் விட வேண்டும். இடப்பக்கம் ஒரு பெஞ்சைப் போட்டுப் போர்வையின் கனத்தைத் தாங்கவிடுங்கள். தொங்கவிட்டால் கனம் இழுத்து ஊசி வளையும், தையல் பொடிப்பொடியாகும்.

பூவும் கொடியுமாக வளைத்துத் தைப்பதற்கு வெளிநாட்டு மெஷின் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபுட்டைக் கழற்றி, பல்லைத் தகடு போட்டு மூடி, வளையத்தில் துணியை மாட்டி மெஷின் எம்பிராய்டரி போடுகிற பெண்கள் நம் ஊரில் உண்டல்லவா? அதே கைதான் இது. துணி மட்டும் கனம். ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஃபுட் இல்லாவிட்டாலும் அதன் லீவரைக் கீழே இறக்கியே ஆக வேண்டும். இறக்காவிட்டால் மேல்நூலுக்கு டென்ஷனே இருக்காது. அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு, துணியே தட்டோடு மாட்டிக்கொள்ளும்.

மூன்று அடுக்குத் தைத்தால் பஞ்சுத் தூசி அதிகம். பாபின் மாற்றும்போதெல்லாம் பாபின் கேஸ் உட்காரும் ஷட்டில் குழியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அது பிசின் மாதிரி இறுகி மெஷினைப் பூட்டிவிடும்.

குயில்ட் தைத்து வீட்டுச் செலவையே பார்த்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழகியவருக்கே பிள்ளைப் போர்வைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கூலியை யாரும் தர மாட்டார்கள். ஆனால் கனத்த துணி பழகிய கைக்குப் பள்ளிப் பை ஜிப் மாற்றுவது, மெத்தை உறை, சீருடை எல்லாம் எளிது. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் பள்ளிச் சீருடை தைக்கப் போகிறவருக்கும் நேர்த்தையலும் வேகமும்தான் முதல்.

பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்துக் கற்பது இந்தச் சீமைக்குப் பழகியதுதான். இடையன்குடியில் பேராயர் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். பத்தமடைப் பாயும் அப்படித்தான் கைமாறி வருகிறது.

ஊராட்சிகளையும் மகளிர் திட்ட அலுவலர்களையும் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தையோ சுயஉதவிக் குழுக் கட்டடத்தையோ சனிக்கிழமை பத்து மணி முதல் இரண்டு மணி வரை திறந்து கொடுங்கள். மூன்று மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு நீள மேசை, இஸ்திரிக்குத் தனி பிளக். சன்னல் வெளிச்சம் ஊசியின் இடப்பக்கம் விழ வேண்டும், டியூப் லைட் தலைக்குப் பின்னால் இருந்தால் நிழல்தான் தைக்கும். பயிற்சி நடத்துகிறவர்கள் பாடத்தில் பிளவுஸுக்கு முன்னால் பிடிதுணியை வையுங்கள். டெய்லர் கடைக்காரர்கள் குப்பையில் போடும் துண்டுகளைப் பருத்தி தனி, சிந்தெடிக் தனி என்று இரண்டு சாக்கில் போட்டு வைத்தால் போதும், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தையல் பழகுவோர் சிலர்,
பாளையங்கோட்டை.