'செட்' என்னும் சிறு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கென விற்கப்படும் கையடக்க ஆங்கில–தமிழ் அகராதிகள் பலவும் 'செட்' என்ற சொல்லுக்கு 'தொகுதி', 'வை' என இரண்டொரு பொருளோடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இச்சொல்லுக்கு உரியது. வினையாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. சூரியன் மறைவதும், சிமென்ட் இறுகுவதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், அலாரம் வைப்பதும், வினாத்தாள் தயாரிப்பதும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினைதான். எதனோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கொண்டே பொருள் தெளிவாகும். பம்பு செட், செட் தோசை என்று அன்றாடம் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு இது எட்டாததன்று. ஆகவே பதிப்பகத்தார் பொருள்களைக் கூட்டுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமேனும் சேர்க்க வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் பெற்றோர் மனமுவந்து வாங்குவார்கள் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்