அம்மாவுக்கு, பிராங்பேர்ட்டிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாதது என் பிழைதான், அக்கா ஏசியிருப்பா. நான் நல்ல சுகம். குளிர் மட்டும் எலும்புக்குள் இறங்குகிறது. மத்தியானத்தில் பாணும் பருப்பும், பழகிவிட்டது.

கீழ்வீட்டு மனிசி போன ஞாயிறு என்னை மறித்தா. வெறும் போத்தல்களைத் தொட்டியில் போடப் போனேன், ஞாயிறில் சத்தம் கூடாதாம். இந்தத் தெருவில் இதற்காகப் பொலிஸ் வந்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லாரும் அடங்கித்தான் இருக்கிறார்கள்.

என்னதான் படிக்கிறாய் என்று கேட்டீர்களே, இதைத்தான். சனம் ஏன் ஒழுங்குக்கு அடங்குகிறது என்பது சமூகவியலின் பெரிய கேள்வி, அதைக் கிளப்பிவிட்டது அரசியல் மெய்யியல். தோமஸ் ஹொப்ஸ் என்ற ஆங்கில மெய்யியலாளர் இங்கிலாந்துக் கலவரத்துக்குப் பயந்து 11 வருடம் பாரிஸில் கிடந்தவர். எல்லாரையும் அடக்க ஓர் அதிகாரம் இல்லாவிட்டால் ஆளை ஆள் அடித்துச் சாகும் என்று 1651இல் எழுதினார். 1937இல் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதே கேள்வியை எடுத்து, பயம் மட்டும் போதாது, சனத்துக்குப் பொதுவான நன்மை தீமை மனதுக்குள் இருக்க வேண்டும் என்றார். அதைப் படித்தபோது 2009இல் கஞ்சிக்கு நின்ற வரிசைதான் கண்ணுக்குள் வந்தது. செல் விழ விழ, கிடைத்த கஞ்சியில் பாதியைப் பக்கத்துப் பங்கர்ப் பிள்ளைக்கு ஊற்றினீர்கள். அப்போது உங்களை யார் அடக்கினார்கள் அம்மா? ஹொப்ஸ் சொன்னது முழுதும் சரியில்லை என்று கட்டுரையில் எழுதினேன்.

நீங்கள் எழுதிய, வயல் தண்ணீர்ப் பங்குக்காக அண்ணா பிடிக்கும் வாய்க்கால் சண்டையும் இதுதான். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து எழுதலாம், அந்தப் பங்கு நியாயமா என்று கேட்க மெய்யியல் வேண்டும். இந்த ஊர்ச் சமூக ஆய்வு நிறுவனத்தை 2001 முதல் 2018 வரை நடத்திய ஹொன்னெத், தன்னை ஆளாக மதிக்கவில்லை என்ற காயத்திலிருந்துதான் பல போராட்டங்கள் பிறக்கின்றன என்கிறார். அந்த எண்ணத்தை அவர் பழைய மெய்யியலாளர் ஹெகலிடமிருந்து எடுத்து வளர்த்தார். அண்ணாவுக்குத் தண்ணீர் குறைந்த கோபம் பாதிதான். கடைசி வாய்க்கால்காரரைக் கேளாமலே சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரித்தார்களே, மற்றப் பாதி அது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவேன் என்றேன், வர இயலாது. நேற்று கனவில் நம் கிணற்றடியில் நின்றேன், விழித்தபோது தலையணை ஈரம்.

சரி, அண்ணாவைக் கூட்டத்தில் கத்தாமல் கடைசி வாய்க்கால்காரர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சிவப்பு மாட்டை விற்க வேண்டாம். தங்கச்சியின் ரியூசன் காசு அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், வங்கியில் ஏதோ சுணக்கம். உங்கள் முழங்கால் நோவுக்குக் கிளினிக் போனீர்களா? அக்காவிடம் எழுதிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்