டயரைப் பளபளப்பாக்காதீர்கள்: சேலத்து பைக் ஷோரூம்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் பைக் விற்கும் முதலாளிகளுக்கும், டெலிவரி பகுதியில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும், சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். புது பைக்கை ஒப்படைக்கும்போது டயருக்குப் பாலிஷ் போடாதீர்கள். அந்த நேரத்தில் வாங்குகிறவரிடம் டயரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

பல வருடம் 100 சிசி வண்டியில் ஆபீஸ் போய்வந்த ஆள் நான். இந்த வருடம்தான் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்தேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே தேவையில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் எல்லோரும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். டெலிவரி அன்று உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. சால்வை, கேக், பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ. போனை வண்டியோடு இணைப்பது எப்படி, இன்சூரன்ஸ் எதுவரை, வாரண்டியை நீட்டிக்க எவ்வளவு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்ஜினை முறுக்க வேண்டாம் என்று ஆளாளுக்கு நினைவுபடுத்தினார்கள். டயர் பேச்சு வந்தது இரண்டே இடத்தில். எலுமிச்சம்பழத்தை எதற்கடியில் வைப்பது என்று கேட்டபோது ஒன்று. கேனும் ஸ்பாஞ்சுமாக ஒரு தம்பி வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தியபோது இன்னொன்று.

அந்தத் தம்பி வேலையில் படு சுத்தம். கேனிலிருந்து வெள்ளையாக ஒரு திரவத்தை ஸ்பாஞ்சில் ஊற்றி, டயரின் பக்கவாட்டில் ஒரு சுற்று வந்தார். சாம்பல் பூத்திருந்த ரப்பர் கன்னங்கரேல் என்று மின்னியது. ஸ்பாஞ்சில் மிச்சமிருந்ததை வீணாக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, டயரின் ஓரத்திலிருந்து நடுப்பகுதிவரை, தரையில் படும் பட்டன்கள் மேலேயே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். நான் பழைய துணி ஒன்று கேட்டதும் அங்கிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்தத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது வழுக்கும் தன்மையுள்ள சிலிகான். காருக்கு அதைப் பக்கவாட்டில் தடவினால் பெரிய மோசமில்லை. கார் சாய்வதில்லை, பக்கவாட்டு ரப்பர் தரையைத் தொடுவதும் இல்லை. பைக் அப்படியா? வளைவில் சாய்ந்தால் தரையில் படுவது டயரின் ஓரம்தான். பக்கவாட்டுக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளிகூட இல்லை. ஓரத்தில் தடவாமல் பக்கவாட்டில் மட்டும் தடவினாலும், சக்கரம் சுற்றச் சுற்ற அது மேலே ஏறி ஓரத்துக்கு வந்துவிடும். வெயிலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் பரவும்.

இதற்கு மேல் புது டயருக்கே உரிய ஒரு வழவழப்பு இருக்கிறது. அச்சில் வெந்து வெளியே வரும்போது மேல்தோல் மழமழவென்றுதான் வரும். ரப்பர் ரோட்டைப் பிடிப்பது இரண்டு வகையில்: ஒன்று, தார்மேல் நேரடியாக ஒட்டுவது, மற்றொன்று, ஜல்லியின் மேடுபள்ளத்துக்குள் அமுங்கி அமுங்கிப் பற்றுவது. மேல்தோல் கொஞ்சம் உராய்ந்து சொரசொரப்பானால்தான் இரண்டுமே ஒழுங்காக நடக்கும். அதற்காகத்தான் டயர் கம்பெனிகள் முதல் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டச் சொல்கின்றன. திடீர் பிரேக், திடீர் முறுக்கு, ஆழமான சாய்வு எதுவும் வேண்டாம் என்பார்கள். இன்ஜினுக்கு இப்படி ஒரு காலம் உண்டென்று சேலத்தில் டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும். டயருக்கும் உண்டென்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புது வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓமலூர் தாண்டி நேராகப் போய்வந்தால் இருநூறு கிலோமீட்டர் சுலபமாக ஓடிவிடும். ஆனால் உராய்ந்திருப்பது டயரின் நடுப்பகுதி மட்டும்தான். ஓரங்கள் ஷோரூமிலிருந்து வந்தபடியே பாலிஷோடு மின்னிக்கொண்டிருக்கும். மீட்டரில் இருநூறு காட்டுகிறதே என்று நம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினால், முதல் வளைவில் தரையைத் தொடப்போவது நேற்றுவரை ரோட்டையே பார்க்காத ரப்பர்.

நான் இதை சமவெளியில் இருக்கும் தஞ்சாவூர் ஷோரூம்களுக்கு எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே ஒருவர் புது பைக் எடுத்தால், உண்மையாகச் சாய்க்க வேண்டிய வளைவைப் பார்ப்பதற்குள் டயர் தானாகவே பழகியிருக்கும். நம் ஊரில் நிலைமை வேறு. வண்டி எடுத்தவுடன் முதலில் கோயில், அப்புறம் ஏற்காடு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று போனால் கொஞ்ச நேரத்தில் அடிவாரம், அங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் டெலிவரி, மாலையில் ஏற்காட்டு ஏரிக்கரையில் போட்டோ என்பது இங்கே சர்வ சாதாரணம். தெரிந்துதான் விற்கிறீர்கள். உங்களில் சிலரே புது வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறு காலையில் மலைக்கு அழைத்துப்போகிறீர்கள்.

அந்தப் பாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வரி. 60 அடி பாலத்துப் பக்கம் மரநிழலில் காயாமல் கிடக்கும் ஈரம், வளைவில் பேருந்தும் லாரியும் சிந்திவிட்டுப் போன டீசல், சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலை, கோடை மழை பெய்த முதல் கால் மணி நேரத்தில் தூசியும் எண்ணெயும் கலந்து தாரின் மேல் மிதக்கும் வழவழப்பு. இதெல்லாம் பழகிய டயருக்கே சோதனை.

அடுத்து காற்று. என் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்கிறது. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் இரண்டிலும் 40. விசாரித்ததில் “கம்மியா இருந்தா கஸ்டமர் கம்ப்ளைண்ட் பண்றாங்க சார்” என்றார்கள். காற்று கூடினால் டயர் உப்பி, தரையில் படும் இடம் சுருங்கும். இருப்பதே உள்ளங்கை அளவு. அதையும் குறைத்துவிட்டு 140 அளவு டயர், ரேடியல் டயர் என்று பெருமை பேசி என்ன பிரயோஜனம்? 140/70 R17 என்று எழுதியிருந்தால் அகலம் 140 மில்லிமீட்டர், டயரின் பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், R என்பது ரேடியல் என்ற டயர் கட்டமைப்பு வகை, ரிம் 17 அங்குலம். இது வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் பாடத்தில் வருகிறது, நல்லது. அகலம் கூடினால் பிடிப்பும் அதே அளவு கூடிவிடும் என்று கூடவே சொல்வதைத்தான் நிறுத்த வேண்டும். தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் பாரமும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தை மாற்றுகிறது.

மலைக்குப் போகும்போது காற்றை இறக்க வேண்டும் என்று ஒரு பேச்சு நம் ஊரில் ரொம்ப நாளாக ஓடுகிறது. உங்கள் சர்வீஸ் பகுதியிலேயே கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் சுவாரசியமாக இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் காற்று அளக்கும் கேஜில் ஏறக்குறைய இரண்டு பிஎஸ்ஐ கூடிக் காட்டும். ஆனால் மேலே எட்டு, பத்து டிகிரி குளிர்ச்சியும்கூட. அந்தக் குளிரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஆக ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துக்கொள்கிறது. கீழே காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்தால் போதும். பெட்ரோல் பங்கில் சூடான டயரில் அளந்துவிட்டு, கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்குவதுதான் தப்பு. ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டயர் பற்றிக் கேட்டால் நீங்கள் தரும் பதில் அதுதான்: “ஏபிஎஸ் இருக்கு சார், வழுக்கவே வழுக்காது.” 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், நல்ல விஷயம். பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை, அது ஒரு பக்கம். முக்கியமானது வேறு. ஏபிஎஸ் சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவே. இல்லாத பிடிப்பை அது கொண்டுவந்து தராது. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முக்கால்வாசி கொடுத்துவிட்டால் வளைவுக்குக் கால்வாசிதான் மிஞ்சும். வளைவுக்குள் சாய்ந்தபடி பிரேக்கை இறுக்குகிறவரை நம் விலையில் வரும் சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் லிவர் விரலில் படபடவென்று துடிக்கும். பழைய வண்டியிலிருந்து வருகிறவர், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து லிவரை விட்டுவிடுவார். விடக்கூடாத நேரத்தில் விடுவார். உங்கள் ஷோரூம் பின்னால் வண்டிகளை இறக்கும் இடம் இருக்கிறதே, அங்கே மண் கிடக்கும் தரையில் மெதுவாக ஓட்டி ஒரு முறை பிரேக் பிடித்துக் காட்டினால் போதும். துடிப்பைக் கை ஒரு முறை உணர்ந்துவிட்டால் மறக்காது. கேக் வெட்டுவதைவிட இதற்கு நேரம் கம்மி.

சர்வீஸ் அண்ணன்களுக்கு இரண்டு விஷயம். வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசல் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. டயரில் பட்டால் அதுவும் வழுக்கும், தயவுசெய்து வேண்டாம். அடுத்தது செயின் ஸ்ப்ரே. பெரும்பாலான வண்டிகளில் செயின் இடது பக்கம். சக்கரத்தை வேகமாகச் சுற்றிக்கொண்டே ஸ்ப்ரே அடித்தால் எண்ணெய் தெறித்துப் பின் டயரின் இடது ஓரத்தில் படியும். வண்டியைக் கொண்டுபோனவர் இடது பக்க வளைவில் சாயும்போது தரையில் வைப்பது அந்த ஓரத்தைத்தான். பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அடித்து, முடிந்ததும் துணியால் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மெக்கானிக் அண்ணன் பழைய காலண்டர் அட்டையை இதற்கென்றே ஆணியில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அவருக்கு ஒரு கும்பிடு.

டயரின் தேதியையும் காட்டிவிடுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. சொன்னால் வியாபாரம் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். இந்த வகை டயரின் ரப்பர் மென்மையானது, பழைய 100 சிசி வண்டிபோல் வருடக்கணக்கில் உழைக்காது, நெடுஞ்சாலையிலேயே ஓடினால் நடுப்பகுதி தட்டையாகிவிடும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டால், பின் டயர் மொட்டையாகி வந்து கவுண்டரில் உங்களோடு சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் குறைவார்கள்.

பையன்கள் மத்தியில் ஒரு பழக்கம் இருக்கிறது. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் பின்னால் குனிந்து டயரின் ஓரத்தைப் பார்ப்பார்கள். ஓரம் தேயாமல் இருந்தால் ஓட்டத் தெரியாதவன் என்று கிண்டல். அந்தக் கிண்டலுக்கு அஞ்சி, பாலிஷ் மின்னும் டயரோடு ஏழாவது வளைவில் சாய்க்கிறவனுக்கு வயது இருபதுகூட இருக்காது. அவனிடம் அப்பா சொன்னால் கேட்கமாட்டான். வண்டியைக் கொடுத்த நீங்கள் சொன்னால் கேட்பான். உங்கள் சீருடைக்கு அந்த மரியாதை இருக்கிறது.

ஆடி 18 அன்று என் அக்கா மகன் பைக் எடுக்கிறான். அன்றைக்கு உங்களுக்கு வரிசையாக டெலிவரி இருக்கும், ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது கஷ்டம் என்று தெரியும். அப்படியானால் முந்தின நாள் சாயங்காலமே எங்களை வரச் சொல்லுங்கள், வருகிறோம். பூஜை, போட்டோ, பெரிய சாவி எல்லாம் ஆடி 18 அன்றே இருக்கட்டும். காற்று அளக்கவும் பிரேக் பிடித்துக் காட்டவும் நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லையே.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்