வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: புதிய விலையும் இட்லியின் அளவும்

கும்பகோணம்
10 ஜனவரி 2025

பேரன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 17, வெள்ளிக்கிழமை காலை நமது உணவகம் திறக்கும்போது விலைப்பலகை மாறியிருக்கும். சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்கு வந்த பிறகு உங்களுக்கு அது தெரியவருவது முறையல்ல என்பதால் ஒரு வாரம் முன்பாகவே எழுதுகிறேன். இரண்டு இட்லி 24 ரூபாயிலிருந்து 28 ஆகிறது. சாதா தோசை 50-லிருந்து 58. வெண்பொங்கல் 45-லிருந்து 50. மெதுவடை 10-லிருந்து 12. காபி 20-லிருந்து 25. மதியச் சாப்பாடு பழையபடி 100 ரூபாய்தான்.

கடைசியாக விலையை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2016 மகாமகத்தின்போது ஊரே நிரம்பி வழிந்த நாட்களில்கூட நாம் ஒரு ரூபாய் கூட்டவில்லை என்பது பழைய வாடிக்கையாளர்களுக்கு நினைவிருக்கும். இப்போது தாக்குப்பிடிக்க முடியாமல்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். கடந்த செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை வரி 12.5 சதவீதத்திலிருந்து 32.5 சதவீதமானது. வடைச் சட்டியில் ஊற்றும் ஒவ்வொரு டின்னிலும் அது தெரிகிறது. பிரேசிலின் வறட்சியால் உலகச் சந்தையில் அரபிகா காபிக்கொட்டையின் விலை டிசம்பரில் அதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டது. சிக்கரியைக் கூட்டி அதைச் சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பில்லில் ஜிஎஸ்டி போடாத நீங்கள் ஏன் விலையை ஏற்ற வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நம்முடையது, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி ஏற்பாடான காம்போசிஷன் முறையில் பதிவான சிறிய உணவகம். விற்பனையில் 5 சதவீத வரியை நாங்கள் கையிலிருந்து கட்டுகிறோம். அதை உங்களிடம் தனியாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை. நாங்கள் வாங்கும் 19 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அடங்கியிருக்கும் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. வாழையிலையில் இரண்டு இட்லியும் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயமுமாக எடுக்கப்பட்ட படம் ஒன்று மூன்று வாரமாக நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. 'விலையை ஏற்றப் போகிறார்கள், அதற்கு முன்பே இட்லியையும் சிறிதாக்கிவிட்டார்கள்' என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. என் மகள் படிக்கும் கல்லூரி வரை அந்தப் படம் போயிருக்கிறது. அது நமது உணவகத்து இட்லிதான், அதை மறுக்கவில்லை. சிறிதாக்கினோம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. என் தந்தையார் 1998-இல் கடை திறந்தபோது வாங்கிய அதே இட்லித் தட்டுகளில்தான் இன்றும் இட்லி வேகிறது. குழியும் அதேதான், மாவு ஊற்றும் கரண்டியும் அதே அளவுதான். குழியைச் சிறிதாக்காமல் இட்லியைச் சிறிதாக்குவது எப்படி என்று யோசித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட அன்று நடந்தது இதுதான். பத்தொன்பது ஆண்டுகளாக நமது மாவைப் பார்த்துக்கொண்ட மாஸ்டர் கார்த்திகை மாதத்தில் வேலையை விட்டு வெளியூர் போய்விட்டார். நான்கு படி இட்லி அரிசிக்கு ஒரு படி உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைய உளுந்து எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்பது அவருடைய உள்ளங்கைக்குத்தான் தெரியும். கிரைண்டரில் உளுந்து ஓடும்போது சூடேறாமலிருக்கக் கோடையில் குளிர்ந்த நீர் தெளிப்பது வழக்கம். டிசம்பர் நடுவில் விடாமல் மழை பெய்த அந்த வாரத்திலும் புதிதாக வந்தவர் அதே வழக்கத்தைத் தொடர்ந்துவிட்டார். மின்தடையால் அரைக்கும் வேலையும் தாமதமானது. இரவு முழுவதும் பொங்க வேண்டிய மாவு ஏழு மணி நேரம்கூட உறங்கவில்லை. அதிகாலையில் மூடியைத் திறந்தபோது ஊற்றி வைத்த மட்டத்திலிருந்து இரண்டு விரற்கடைகூட எழும்பவில்லை. முதல் ஈடு எடுத்ததுமே இட்லி தட்டையாக இருப்பதைப் பார்த்தேன். அதை அப்படியே நிறுத்தித் தோசைக்குத் திருப்பியிருக்க வேண்டும். முதல் பேருந்துக்குப் போகிறவர்கள் காத்திருந்ததால் பரிமாறச் சொன்னேன். அந்தத் தவறு என்னுடையது, புதியவருடையது அல்ல. அன்று சாப்பிட்ட அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த இட்லியில் மாவு குறையவில்லை, காற்றுதான் குறைந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தராசு வைத்திருக்கிறேன். ஒரு இட்லி 55 கிராமுக்குக் குறைந்தால் அந்தத் தட்டுக்குக் காசு வேண்டாம்.

மாஸ்டர் போனதற்கும் இந்த விலை உயர்வுக்கும் தொடர்பு உண்டு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேறோர் இடத்தில் மாதம் 8,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். உங்களுக்கு விலையை ஏற்றக்கூடாது என்று நினைத்தே அவருக்குச் சம்பளத்தை ஏற்றாமல் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டுவந்தேன். விடைபெற வந்த அன்று அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. புதியவருக்கு உளுந்துப் பதம் காட்டிவிட்டு, கிரைண்டர் கல்லைத் தானே கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனார். மீதமுள்ள பதினொரு பேரில் ஒருவரையும் அப்படி இழக்க நான் தயாராக இல்லை. புதிய விலையில் வரும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த மாதச் சம்பளத்திலேயே அவர்களிடம் போய்ச் சேரும்.

தேங்காய் விற்கும் விலையில், தேங்காய்ச் சட்னி இனி ஒரு முறை மட்டும் பரிமாறப்படும். சாம்பாரும் தக்காளிச் சட்னியும் வழக்கம்போல் கேட்டபடி உண்டு.

மகாமகக் குளக்கரையில் நடந்துவிட்டுக் காலை ஐந்தரை மணிக்குக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கும் பெரியவர்களுக்கும், நிச்சயதார்த்தம் முதல் வளைகாப்பு வரை நம்மிடமே சொல்லிவைக்கும் குடும்பங்களுக்கும், கொரோனா ஊரடங்கில் பார்சல் மட்டுமே கொடுத்த மாதங்களில் தேவையில்லாவிட்டாலும் வந்து வாங்கிப் போனவர்களுக்கும் நான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் படத்தின் கீழேயே 'இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன், அப்படிச் செய்கிறவர்கள் அல்ல' என்று ஒருவர் எழுதியிருந்ததை என் தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் யாரென்று தெரியவில்லை. இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மாதக்கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஜனவரி 31 வரை பழைய விலையே. முன்பணம் கொடுத்து வாங்கிய காபி டோக்கன்கள் தீரும்வரை செல்லும். அவற்றுக்குக் கூடுதலாக எதுவும் தர வேண்டியதில்லை.

அன்புடன்,
உரிமையாளர்