பிளக்கைச் செருகுவதற்கு முன்

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிட்டாருக்கு வால்வு ஆம்ப், அதாவது பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்களை வைத்து ஓசையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், செய்யப் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ அனுப்பிய சர்க்யூட் படத்தை பிரிண்ட் எடுத்து, உனக்கு முன்னால் நானே ஒன்று செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். போன வாரம் முடிந்தது. நன்றாகவே பாடுகிறது. எங்கே கை சுடும் என்று இப்போது தெரியும், அதைத்தான் எழுதுகிறேன்.

1950களில் ஃபெண்டர் கம்பெனி விற்ற சாம்ப் ஆம்பின் அமைப்புதான் இது. முன்னால் ஒரு சின்ன வால்வு, பின்னால் ஒரு பவர் வால்வு, அப்புறம் ஏ.சி.யை டி.சி. ஆக்க ஒரு ரெக்டிஃபையர். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும் பாதியைக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய இதே. பரணில் கிடந்த ரேடியோவை இறக்கினேன். அதிலிருந்த பவர் வால்வு ஈ.எல். 84, ரெக்டிஃபையர் ஈ.இசட். 80 இரண்டுக்கும் இன்னும் உயிர் இருந்தது. முன்னால் வரும் சின்ன வால்வுக்குப் படத்தில் 12 ஏ.எக்ஸ். 7 என்று போட்டிருப்பதும் ஈ.சி.சி. 83-ம் ஒன்றுதான். பெங்களூர் பெல் கம்பெனியில் செய்தது ஒன்று என் டப்பாவிலேயே கிடைத்தது.

மூன்று நாள் அலைக்கழித்தது, பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஐயாயிரம் ஓமுக்கு எட்டு ஓம் என்று எழுதிக் கொடுத்து ஒரு கடையில் சுற்றி வாங்கினேன். மாட்டிப் பார்த்தால், நீ விட்டுப்போன கிட்டாரில் மெல்லிய கம்பிகள் சுமாராகக் கேட்டன. தடித்த கம்பியை மீட்டினால் ஓசை அமுங்கிப் போனது. பிரித்தேன். ஸ்டாம்பிங்கை, அதாவது உள்ளே அடுக்கும் இரும்புத் தகடுகளை, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோத்திருந்தார்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் முறை. ஒற்றைப் பவர் வால்வு ஆம்பில் காயில் வழியாக 40 மில்லி ஆம்பியர் டி.சி. ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லாத இரும்பு அதிலேயே நிரம்பிவிடும், பாட்டுக்கு இடம் இருக்காது. 'ஈ' வடிவத் தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் 'ஐ' தகடுகளை எதிர்ப்பக்கமும் அடுக்கி, நடுவில் காலண்டர் தாளை மடித்து வைத்து இறுக்கினேன். அதே கம்பி இப்போது நெஞ்சில் அதிர்கிறது. நீ வாங்கும்போது, ஒற்றைப் பவர் வால்வுக்கானது என்று பொருள்படும் 'சிங்கிள் எண்டட்' என்று கேட்டு வாங்கு.

படத்தில் ஈ.எல். 84-ன் கேத்தோடு முனைக்கு 135 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. பிளேட் வோல்டேஜ் 250 இருந்தால் அது சரி. எனக்குக் கொஞ்சம் கூட வந்ததால் 180 போட்டேன். அதன் இரண்டு முனையிலும் 8.1 வோல்ட் காட்டியது. அப்படியென்றால் 45 மில்லி ஆம்பியர். வால்வில் நிற்கும் 260 வோல்ட்டால் பெருக்கினால் 11.7 வாட். அந்த வால்வு தாங்குவது 12 வாட். இந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடாதே, பிளேட் சிவந்துவிடும்.

இனி எழுதுவதை இரண்டு முறை படி. ஸ்விட்சை அணைத்தாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் முந்நூறு வோல்ட் வரைக்கும் நிற்கும். உன் வயதில் நான் ரேடியோ கடையில் இருந்தபோது, பிளக்கைப் பிடுங்கியாயிற்று என்ற தைரியத்தில் கை வைத்தேன். ஸ்டூலோடு பின்னால் போய் விழுந்தேன், தோள் ஒரு வாரம் வலித்தது. முதல் கண்டன்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடு. அப்படியும் மூன்று நிமிஷம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு. அளக்கும்போது இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். எர்த் வயருக்குச் சேசிஸில், அதாவது ஆம்பின் இரும்புச் சட்டத்தில், தனி போல்ட் போடு. ஸ்பீக்கரை மாட்டாமல் ஒருபோதும் ஆன் செய்யாதே.

வால்யூமை ஏழுக்கு மேல் ஏற்றினால் கரகரவென்று ஓர் ஓசை வருகிறதே, அந்தக் கரகரப்பை ரேடியோக்களிலிருந்து நீக்குவதுதான் இத்தனை வருஷமும் என் வேலையாக இருந்தது. நீ அதற்காகவே இதைச் செய்கிறாய். முந்தாநாள் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கேட்டேன். ஐந்து வாட்டுக்கும் குறைவுதான், ஆனால் அடுப்படியில் இருந்த அம்மா வந்து நின்றுவிட்டாள். எனக்குப் பிடித்திருக்கிறது, கண்ணு.

கடைசியாக, முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸ் பல்பு போடாமல் செய்யாதே. ஆம்புக்குப் போகும் லைனில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று நிற்க வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஆம்ப் தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். ஜெர்மனியில் இப்போது குண்டு பல்பு வாங்குவது கஷ்டம், எல்.இ.டி. இந்த வேலைக்கு உதவாது. அதனால் இரண்டு பல்பைத் துண்டில் சுற்றி, என் சீரிஸ் போர்டோடு பார்சலில் வைத்திருக்கிறேன். நம் ஊர் ஹோல்டர் உங்கள் திருகு பல்புக்குச் சேராது, போர்டை அப்படியே பயன்படுத்து. பிளக்கை மட்டும் மாற்றிக்கொள். பார்சல் வந்து சேரும் வரை ஆம்புக்குக் கரண்ட் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா