நூலால் அளந்து அனுப்பு

பெல்மான்ட்,
போர்ட் ஆஃப் ஸ்பெயின், டிரினிடாட்

அன்பு மகளே,

நீ அனுப்பிய பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு 65 வயது நிறைவதற்காக இந்த முறை கார்னிவலில் வேடமிட்டுத் தெருவில் ஆடும் பெரிய மாஸ் குழு ஒன்றில் ஆடச் சொல்லி எழுதியிருந்தாய். சாப்பாடும் தண்ணீரும் கூடவே வரும், களைத்தால் உட்கார வண்டி இருக்கும், சுற்றிலும் காவலர்கள் கயிறு பிடித்து நடப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். என் முழங்காலை நினைத்து நீ செய்த ஏற்பாடு அது. படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் அங்கே பதிவு செய்யவில்லை. தொலைபேசியில் காரணம் சொல்லத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் மாஸ் ஆடியது 1972-ல். இளம்பிள்ளைவாதம் பரவியதால் அந்த ஆண்டு கார்னிவலை மே மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். சாம்பல் புதனுக்கு முன் முடிய வேண்டிய கொண்டாட்டம், தவக்காலமும் ஈஸ்டரும் கடந்து மழைக்காலத்தின் வாசலில் வந்து நின்றது. எனக்கு 12 வயது. இன்று நம் சிறிய மாலுமிக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, நாம் டான்ட்டி என்று கூப்பிடுகிறவர், அவருடைய அப்பாதான் எனக்கு மாலுமி வேடம் கட்டியிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் காகிதத்தால் செய்த பெரிய நீல மீன். ஊர்வலம் சேரும் சவன்னா மைதானத்தை நெருங்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. பசை இளகி, மீனின் வால் என் தோளில் சரிந்தது. நீலச் சாயம் கழுத்து வழியாக ஓடிச் சட்டையெல்லாம் பரவியது. நான் சாலையோரத்தில் நின்று விம்மி விம்மி அழுதேன். கிழவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஊறிப்போயிருந்த தன் தலையணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னை இழுத்து, கப்பல் தளம் ஆடுவதுபோல் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து நடக்கும் அந்த மாலுமி நடையைத் தொடர்ந்தார். நானும் நடந்தேன். வீட்டு வாசலில் விடும்போதுதான் வாய் திறந்தார். "ஜனவரியில் வா. அடுத்ததை நீயே செய்."

போனேன். களிமண்ணில் மீனின் உருவம் பிடிப்பது, அதன்மேல் கொழுப்புத் தடவுவது, பழுப்புத் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து மாவுப் பசையில் தோய்த்து ஒட்டுவது. ஓர் அடுக்கு ஒட்டி வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடித்துவிடும். காய்ந்ததும் கத்தியால் இரண்டாகப் பிளந்து களிமண்ணை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்ட வேண்டும். தாளை வெட்டக் கூடாது, கிழிக்கத்தான் வேண்டும் என்று டான்ட்டி என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார். கிழிந்த ஓரம்தான் அடுத்த தாளோடு இழைந்து பிடிக்குமாம். அப்போது அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கம்பி வளைக்கும் வேலை மட்டும் அவருடைய அண்ணன் கையில். குறடு வேறு யார் கைக்கும் போக அவர் விடமாட்டார்.

இந்த மாலுமி வேடத்தை வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதே. துறைமுகத்துக்கு வந்து இறங்கிய கடற்படைக்காரர்களின் மிடுக்கையும் தள்ளாட்டத்தையும் பார்த்து நம் மக்கள் எடுத்த வேடம் அது. இரண்டாம் உலகப் போரில் சாகுவாராமஸில் அமெரிக்கத் தளம் வந்தபின் இன்னும் பெருகியது. 1942 முதல் 1945 வரை தெருவில் கார்னிவல் கிடையாது, போர்க்காலத் தடை. தடை நீங்கி 1946-ல் தெரு திறந்தபோதுதான் கிழவர் தன் பின்கட்டில் இந்தக் குழுவைத் தொடங்கினார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1986-ல் எண்ணெய் விலை விழுந்ததும் என் வேலை போயிற்று. அடுத்த கார்னிவல் வந்தபோது வேடத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. அவமானத்தில், வேடங்கள் செய்யும் மாஸ் கேம்ப் இருக்கும் தெருவையே சுற்றிப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, திங்கள் விடியலுக்கு முன் கார்னிவலைத் திறக்கும் ஜூவே தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது, டான்ட்டி நம் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தலையணி. அது என் தலையில் சரியாக உட்கார்ந்தது. குழுவில் ஆடும் ஒவ்வொருவரின் தலைச் சுற்றளவும் அவருடைய நோட்டில் உண்டு. என் பெயருக்கு எதிரே அந்த ஆண்டுத் தொகையை அவர் எழுதவே இல்லை. பிறகு நான் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வாங்கவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

2021-ல் நோயால் எல்லாம் நின்றுபோனதே, அந்தக் கார்னிவல் செவ்வாய்க்கிழமையும் பழைய தலையணிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். முகக்கவசம் அணிந்து ஒவ்வொருவராக அந்த வழியே நடந்தோம். வாசலில் நின்று, மாலுமிகள் தூவுவதுபோல எங்கள் தோளில் பவுடர் தூவினார். ஒருவரும் பேசவில்லை.

பெரிய குழுக்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் இறகும் மணியும் மின்ன சவன்னா மேடையில் ஏறும்போது நானும் எழுந்து நின்று பார்ப்பேன். ஆனால் அங்கே நான் பணம் கட்டி, பெட்டியில் வரும் வேடத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். இங்கே தாள் கிழிக்கிறவன்.

இப்போது டான்ட்டிக்குக் கை நடுங்குகிறது. பிரஷ் பிடிக்க முடிவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொல்கிறார். அவருடைய மகன் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கம்பி வளைக்கிறான். மாமாவின் குறடு அவனிடம்தான். நாற்பது பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். தாள், கம்பி, ஸ்டீல் பேன் மேளம் வாசிப்பவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி, எல்லாம் விலை ஏறிவிட்டது. நீ சம்மதித்தால் உன் பணத்தை அங்கே கொடுக்கிறேன். சும்மா கொடுத்தால் டான்ட்டி வாங்கமாட்டார், உனக்கே தெரியும். அதனால் உன் பெயரில் ஒரு வேடத்துக்கு என்று சொல்லிப் பார்த்தேன். உடனே நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். உன் பெயர் இருக்கிறது, ஒன்பது வயதில் அளந்தது, 20 அங்குலம். அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு, "இது இனிப் பொருந்தாது, புதிதாகக் கேள்" என்றார்.

டொராண்டோவில் ஆகஸ்டில் நீ ஆடும் படங்களை அவரிடம் காட்டியிருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் பத்து நாள் முன்னதாகவே வா. கடைசி வாரத்தில் ஒட்ட ஆள் போதாது.

ஒரு நூலை எடுத்து, புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலாக, பின்னந்தலை மேடு வரை சுற்றி அளந்து, அங்குலத்தில் எழுதி அனுப்பு. முடியைப் பின்னிக்கொண்டு வருவாயா, விரித்துவிட்டா என்பதையும் எழுது. அதற்கேற்ப அரை அங்குலம் கூட்டிவைக்க வேண்டுமாம்.

உன் அப்பா